உப்புத்தாள் அக்காவின் மாடிப்படி

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலிலும் மின்கட்டண ரசீதிலும் மட்டும் அது உயிரோடு இருந்தது. துறைமுகத்துப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உப்புத்தாள் அக்கா என்று கேட்டால், படகில் காலை நீட்டிப் படுத்திருப்பவன்கூட எழுந்து வந்து வழி காட்டுவான். கடைந்து முடித்த இரும்புத் தண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, தன் மூக்கு அதில் தெரிந்த பிறகுதான் படகுக்காரன் கையில் கொடுப்பாள். அந்தப் பெயருக்கு அது ஒரு காரணம். அவளுடைய நாக்கு இன்னொரு காரணம். இரண்டில் எது முந்தியது என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது.

இரும்பு கடையும் அவளுடைய லேத் பட்டறை கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு காலத்தில் அது ஐஸ் ஃபேக்டரி. கீழே ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்த பெரிய கூடம், மேலே மானேஜர் குடியிருந்த இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஐஸ் உருகக்கூடாது என்பதற்காகக் கட்டியவர்கள் மனிதர்களை அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை. சுவர்கள் ஒன்றரை அடிக் கனம். வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் ஒடுக்கம். வெளிச்சத்துக்கு இருந்தது தெருமூலையில் ஒரே ஒரு ஜன்னல். அந்தக் காலத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் சீட்டு கொடுத்த ஜன்னல் அது. அதன் அடியில்தான் அவளுடைய லேத் நின்றது. கடைந்துகொண்டே தலையை நிமிர்த்தினால் தெருவின் கோடியில் ஒரு கையகலக் கடல் தெரியும். அந்தக் கையகலத்தை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. பட்டறையில் அவளோடு வேலை பார்த்த வெல்டர் தன் மேஜையை அந்தப் பக்கம் நகர்த்தட்டுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இந்த இடம் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியவள் அவள். வீடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒன்று கார் நிறுத்தும் கொட்டகை, ஒன்று மாவு மில்லின் பின்கட்டு, ஒன்று மாடிப்படிக்குக் கீழே. கணவர் அடுத்தவர் பட்டறையில் லேத் ஓட்டினார். முப்பத்தைந்தாவது வயதில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை இயந்திரம் எடுத்துக்கொண்டது. முதலாளி பெரிய மனது பண்ணி வாசலில் ஒரு முக்காலி போட்டு, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலை கொடுத்தார். மறுநாள் காலை அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த லேத்தின் முன்னால் போய் நின்றாள். முதலாளி சிரித்தார். அவர் சிரித்து முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். கணவர் பக்கத்தில் நின்று அளவு சொல்வார், அவள் கடைவாள். இரண்டு வருஷத்தில் அவர் சொல்வதற்குள் அவள் கடைந்து முடித்திருப்பாள். அவர் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் போனார். அங்கே தனக்கு இத்தனை நாளாகத் தெரியாத ஒரு திறமை இருப்பதைக் கண்டுபிடித்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் சிறுகச் சேர்த்த காசில் இந்த ஐஸ் ஃபேக்டரியை வாங்கிக் குடிவந்தபோது, சாமான் கட்டிவந்த கயிறுகளை எல்லாம் சுருட்டி எதிரே வந்த ஒரு படகுக்காரனிடம் கொடுத்தாள். "எடுத்துக்கிட்டுப் போப்பா. இனிமே எனக்கு மூட்டை கட்டுற வேலை கிடையாது." சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. படகுக்காரன் அதைக் கவனிக்கவில்லை, கயிறு நல்ல கயிறு.

இப்படி வேரூன்றி உட்கார்ந்தவளிடம்தான் ஒரு திங்கட்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, பட்டறையை ஒரு சுற்று சுற்றினார். நடுக்கூடத்திலிருந்து மேலே போகும் பழைய படியடியில் வந்து நின்றார்.

"மேல யாரு குடியிருக்கறது?"

"நாங்கதான் சார். நானும் அவரும்."

"மேலேர்ந்து கீழ வர இது ஒரே வழியா?"

"ஆமா சார்."

"அப்ப பட்டறையில தீப்பிடிச்சா எப்படிம்மா வெளிய வருவீங்க?"

"ஒம்பது வருஷமா பிடிக்கல சார்."

"பத்தாவது வருஷம் பிடிச்சா?"

 அந்த நேரம் பார்த்து மேலே சமையலறையில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. கீழே வெல்டர் கையில் பொறி பறந்துகொண்டிருந்தது. அதிகாரி மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார், எழுத ஆரம்பித்தார். பட்டறை வழியாகச் செல்லாத தனி வழி ஒன்று குடியிருப்புக்கு வேண்டும். பதினைந்து நாள் அவகாசம். இல்லாவிட்டால் மாடிக்குச் சீல்.

"தொழில் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆனா குடியிருக்க வேற இடம் பாத்துக்கணும்," என்றார், குடையை விரித்துக்கொண்டே. கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கணவர் அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். "பின்தெருவுல ஒரு வீடு காலியாத்தான் இருக்காம். பாத்து வைக்கலாமா? சும்மா ஒரு பேச்சுக்கு."

"பன்னெண்டாவது வாடகை வீடா?"

 இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"நான் செத்தாத்தான் இந்த வீட்டை விட்டு வெளிய போவேன். அதுக்கும் ஒரு படி வேணும்ல? கட்டறேன்."

கட்டுவது என்றால் வெளிச்சுவரில் இரும்புப் படி. தெருப் பக்கம் சுவரை ஒட்டிக் கழிவுநீர்க் கால்வாய் ஓடியது. தூண் ஊன்ற இடமில்லை. படியை முழுக்கச் சுவரிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். அவள் ஏணி போட்டு ஏறி, மேல் அறையின் பக்கவாட்டில் கதவு வைக்க நினைத்த இடத்திலிருந்து தரைவரை மூன்று தடவை அளந்தாள். பதினேழு படி. ஒவ்வொன்றும் ஒரே உயரம். மூன்றடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. வெளியே ஒரு வாரமாக மழையும் காற்றும் மாறி மாறி அடித்தன. அதில் வெல்டிங் நிற்காது. ஆகவே பட்டறைக்குள்ளேயே செய்தார்கள். அவள் வெட்டிக் கொடுக்க, வெல்டர் பற்றவைத்தான். படகுக்காரர்கள் கொண்டுவந்த வேலையெல்லாம் ஓரமாகக் கிடந்தது. எட்டாம் நாள் காலை, படி முழுசாக நின்றது. ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. வெல்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். உப்புத்தாள் அக்கா கைப்பிடியை வழக்கம்போலத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் டீ டம்ளர்களோடு இறங்கி வந்தார். படியை மேலும் கீழும் பார்த்தார். "பிரமாதம். கோவில் தேர் மாதிரி இருக்கு," என்றார். டீயை நீட்டினார். அப்புறம், நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்: "ஆமா, இதை எப்படி வெளிய கொண்டு போவீங்க?"

 வெல்டர் வாசலைப் பார்த்தான். அவள் வாசலைப் பார்த்தாள். வாசலின் அகலம் இரண்டே முக்கால் அடி. அளக்கத் தேவையில்லை, ஒன்பது வருஷமாகத் தெரியும். இதே லேத்தை உள்ளே கொண்டுவர மூன்று துண்டாகக் கழற்றியது அந்த வாசலால்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை விரல் நுனியில் உணர்கிற இரண்டு பேர், எட்டு நாளாகக் கதவை மறந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

"சாச்சுப் பாக்கலாம்க்கா," என்றான் வெல்டர் ஈனக்குரலில்.

சாய்த்துப் பார்த்தார்கள். கவிழ்த்துப் பார்த்தார்கள். நாலு படகுக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த நாலு பேர் வழியாக விஷயம் துறைமுகம் முழுக்கப் பரவியது. அன்று சாயங்காலத்துக்குள் வேலையே இல்லாதவர்கள்கூட ஏதாவது ஒரு துருப்பிடித்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஒருவரையும் திட்டவில்லை. திட்டாததைப் பார்த்துத்தான் வெல்டருக்குப் பயம் வந்தது.

"பாதியா அறுத்து, வெளிய வச்சு ஒட்டிடுவோம்க்கா. ஒரே நாள் வேலை," என்றான்.

அவளுக்கு ஒட்டுப்போட்ட வேலை பிடிக்காது. ஆனாலும் தலையாட்டினாள். "அறுக்கறதுக்கு முன்னாடி, சுவத்துல போல்ட்டுக்கு ஓட்டை போட்டுப் பாத்துருவோம். இன்னொரு தடவை ஊர் சிரிக்க வேண்டாம்."

மழை விட்டிருந்தது. அவளே துளைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். நாலு விரல்கடை போனதும் இயந்திரம் திடீரென்று வழுக்கி உள்ளே இறங்கியது, அவள் தோள் சுவரில் மோதியது. வெளியே இழுத்தால் கறுப்பாக ஈரமாக ஏதோ கொட்டியது. மரத்தூள். கையில் எடுத்து நசுக்கினாள், முகர்ந்து பார்த்தாள். ஒரு முழம் தள்ளி இன்னொரு ஓட்டை, அங்கேயும் மரத்தூள். ஆறாவது ஓட்டையில் நிறுத்தினாள். ஐஸ் உருகாமல் இருக்க இரண்டு மெல்லிய சுவர்களைக் கட்டி நடுவில் மரத்தூளைத் திணித்திருந்தார்கள். ஒன்றரை அடிக் கனம் என்று அவள் பெருமை பேசிய சுவர், வெளியே ஒரு செங்கல், உள்ளே ஒரு செங்கல்.

"இதுல படியை மாட்டினா, படி, சுவர், நாம மூணும் தெருவுலதான்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பட்டறைக்குள் போய், செய்துவைத்த படியின் அடிப்படியிலேயே உட்கார்ந்தாள். பத்து நாள் போய்விட்டது. அழுகை வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அழுதாள். கணவர் வந்து அவளுக்கு மேல் படியில் உட்கார்ந்தார். ஆறுதல் சொன்னால் கடிப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு விரல் இல்லாத கையை அவள் முதுகில் வைத்தார். எதிரே லேத்துக்கு மேலே கூரையில் ஒரு சதுரம் தெரிந்தது. பழைய நாளில் மேலே சாமான் ஏற்றி இறக்கிய ஓட்டை. பலகை போட்டு மூடி, மேலே அரிசி டின்னை வைத்திருந்தார்கள். அவள் அந்தச் சதுரத்தையே பார்த்தாள். பிறகு அதன் கீழே ஜன்னலைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, படி வெளியதான் இருக்கணும்னா எழுதியிருக்காரு?"

"பட்டறை வழியா போகக்கூடாதுன்னுதான் எழுதியிருக்காரு."

"அந்த மூலையில படியை நிறுத்தி, சுத்திச் சுவரு எழுப்பி, ஜன்னலை இடிச்சுக் கதவு வச்சா? அந்த மூலை அப்பவும் பட்டறையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அதன் அடியில் நின்ற லேத்தைப் பார்த்தார். "உன் லேத்து அங்க இருக்கே," என்றார்.

"இருக்கு."

அவள் மறுநாள் நேரே அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். குறுக்கு வழியில் காரியம் சாதித்துவிட்டு நாளைக்குக் கைகட்டி நிற்பது அவளுக்கு ஆகாது. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"செங்கல் சுவரா இருக்கணும். பட்டறைப் பக்கம் ஒரு ஓட்டைகூட விடக்கூடாது. பழைய படியையும் மூடிடணும். நீங்க வேலைக்குப் போகணும்னா தெருவுல இறங்கி, சுத்தி அந்த வாசல் வழியாத்தான் போகணும். முடியுமா?"

"பதினோரு வீட்டுலேர்ந்தும் அப்படித்தான் சார் வேலைக்குப் போனேன்."

"அஞ்சு நாள்கூட முழுசா இல்லையேம்மா."

"அதை நான் பாத்துக்கறேன்."

லேத்தை நகர்த்தப்போகிறோம் என்றதும் வெல்டர் கையில் இருந்ததைக் கீழே போட்டான். இரண்டு டன் இரும்பு அது. நகர்த்துவதுகூடப் பெரிசில்லை. குழாய்களை உருளையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி, நாலு பேர் தள்ளினால் யானைகூட நகரும். நகர்ந்த பிறகு அது நேராக நிற்குமா என்பதுதான் பயம். ஒரு கால் இம்மியளவு தாழ்ந்தாலும் கடைகிற தண்டு ஒரு முனையில் பருத்து மறுமுனையில் இளைத்துவிடும். அப்படிப்பட்ட தண்டை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் நடுக்கடலில் நின்றுவிடுவான். வீடு நின்று தொழில் போனால் அந்த வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?  ஆனாலும் கடப்பாரையை முதலில் எடுத்தவள் அவள்தான்.

கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் நின்றார். "இடப்பக்கம்... மெதுவா... நிறுத்து, நிறுத்து! உருளையை எடுத்து முன்னாடி போடு." பழைய குரல் அவருக்குத் திரும்ப வந்திருந்தது. படகுக்காரர்கள், இவரையா சமையல்காரர் என்று நினைத்தோம் என்பது மாதிரி பார்த்தார்கள். காலையில் ஆரம்பித்து, வெயில் சாய்வதற்குள் லேத் கூடத்தின் உள்மூலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே குழல் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது.

ரசமட்டம் வைத்து நாலு காலையும் சரிபார்த்தாள். ஒரு முழத் தண்டைப் பூட்டி, மெல்லிசாக ஒரு முறை கடைந்து, இரண்டு முனையையும் அளந்தாள். வித்தியாசம் இருந்தது. பின்காலுக்கு அடியில் பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினாள். கடைந்தாள், அளந்தாள். வித்தியாசம் குறைந்தது, போகவில்லை. படகுக்காரர்கள் போய்விட்டார்கள். வெல்டர் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலையில் மூன்றாவது தகடு, நாலாவது தகடு. ஒவ்வொன்றும் காகிதத்தைவிட மெல்லிசு. ஐந்தாவது தகட்டுக்குப் பிறகு அளந்தவள், மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள். பிறகு அதைக் கணவரிடம் நீட்டினாள். அவர் தண்டின் இரண்டு முனையிலும் வைத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு," என்றார்.

"நல்லாப் பாருங்க."

"ஏம்மா, விரல்தான் போச்சு. கண்ணு இருக்கு."

அதற்கப்புறம் நடந்தது வெறும் வேலை. படியை மூலைக்குத் தள்ளி, கூரைச் சதுரத்தை அகலப்படுத்தி நிறுத்தினார்கள். உள்தரை தெருவைவிட ஒரு படி உயரம் என்பதால் பதினேழாவது படியை அறுக்க வேண்டியிருந்தது. வெல்டர் அதை அறுத்தபோது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் மட்டும் சுவரின் இரண்டு பக்கமும் அந்தக் காலத்திலேயே சட்டம் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே இடித்துக் கதவு வைப்பது கொத்தனாருக்கு அரை நாள் வேலை. குறுக்குச் சுவரைக் கட்டும்போது அவள் பட்டறைப் பக்கம் நின்றாள். ஒவ்வொரு வரிசையாக ஏற ஏற, கடல் தெரிந்த இடத்தில் செங்கல் வந்தது. கடைசி வரிசைக்கு முன்னால் கொத்தனார் ஒரு நிமிஷம் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "வைங்க," என்றாள்.

பதினைந்தாம் நாள் அதிகாரி வந்தார். குறுக்குச் சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தார். மூடிய பழைய படியைப் பார்த்தார். வெளியே போய், புதுக் கதவைத் திறந்து, படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். மேலே கணவர் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கீழ தீப்பிடிச்சிருக்குன்னு வச்சுக்குங்க. இறங்கிக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

அவர் கரண்டியோடு ஓடினார். தடதடவென்று பதினாறு படியையும் இறங்கித் தெருவில் போய் நின்று, "தப்பிச்சுட்டேன் சார்!" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. அதிகாரிக்குச் சிரிக்கத் தெரியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. தாளைக் கைப்பிடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கைப்பிடியின் வழவழப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா," என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் பட்டறையைப் பூட்டினாள். பழக்கதோஷத்தில் உள்பக்கமாகப் பூட்டப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினாள். தெருவில் பத்து எட்டு நடந்து, புதுக் கதவைத் திறந்து, மேலே ஏறி, கால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"பட்டறை மூடியாச்சு! காலையில கொண்டாங்க!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள்.

மறுபடியும் தட்டினார்கள். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்த் திறந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி நின்றிருந்தாள். ஒன்பது வருஷமாக எதிரே இருப்பவள். தெருவில் பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான் பழக்கம். உப்புத்தாள் அக்காவின் கண் முதலில் வழக்கம்போல அவளுடைய கைகளுக்குத்தான் போயிற்று. இரண்டும் வெறுங்கையாக இருந்தன.

"என்ன, மிஷின்ல ஏதாவது உடைஞ்சுபோச்சா?"

"அய்யய்யோ, ஒண்ணும் உடையலக்கா. இத்தனை நாளா பட்டறையைத் தாண்டித்தான் மேல வரணும், ஆம்பளைங்க வேலை பாக்கற இடம், எப்படி வர்றதுன்னு இருந்துட்டேன். இப்பதான் தனியா வாசல் வந்துருச்சே. சும்மாதான் வந்தேன்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பதினோரு வீட்டிலும் இந்த ஒன்பது வருஷத்திலும் அவளைத் தேடி வந்தவர்கள் ஏராளம். வளைந்ததோடு வந்தார்கள், முறிந்ததோடு வந்தார்கள், தேய்ந்ததோடு வந்தார்கள். வெறுங்கையோடு ஒருவர்கூட வந்ததில்லை. அது இந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியாது.  கதவை அகலத் திறந்துவிட்டு, மாடியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏங்க! டீ வைங்க. நம்ம வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க!"